வெயிலும் வலியும்

நுழையும்முன்

மாணவர்களே, ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆண்டு முழுதும் ஞாயிறு காயும் மண்ணில் வாழ்ந்தவர்கள் சொன்னது அது. தில்லியின் மார்கழி மூடுபனியில் இரண்டு வாரங்களைக் கழித்தவருக்கு அதனைத் திருப்பிப் போட்டுச் சொல்லத் தோன்றும். இப்பாடம் வெயிலையும், அது கிட்டாமையால் எலும்பில் தோன்றும் ஒரு வலியையும் பற்றியது. அறிவியல் நூலில் இடம்பெற வேண்டிய செய்தி தமிழ்ப் பயிற்சி நூலுக்குள் ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கான விடை பாடத்தின் முதற்பகுதியிலேயே கிடைக்கும்.

படி ஏற முடியாத தாய்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தில்லியில் நான் பணியாற்றிய பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடைபெற்றது. தமிழ் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியே வந்து, “அம்மா கீழேயே நிக்கிறாங்க சார். அவங்களால படி ஏற முடியாது” என்றாள். நானே இறங்கிச் சென்றேன். நாற்பது வயதையும் எட்டாத அம்மையார் ஒருவர் தூணைப் பற்றியவாறு நின்றிருந்தார். மகளின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்தபின், உடம்புக்கு என்ன என்று வினவினேன்.

“என்னன்னு சொல்றது சார்! ரெண்டு காலும் உளையுது. ராத்திரியானா எலும்புக்குள்ள போட்டுக் குடையுது. கீழ உக்காந்தா எழுந்திருக்க ஒரு ஆள் வேணும்” என்றார்.

மருத்துவமனைக்கு மூன்று முறை சென்றிருக்கிறார்கள். மூன்று முறையும் வலி தணிக்கும் மாத்திரைகளே கிடைத்தன. அம்மையாருக்கு இந்தி தெரியாது. கணவர் விடியற்காலையில் வேலைக்குச் செல்பவர். ஆகவே, மகளே மருத்துவரிடம் தாயின் சொற்களைப் பெயர்த்துச் சொல்பவளாக இருந்தாள். “நீ அங்கே என்ன சொன்னாய்?” என்று அவளைக் கேட்டேன். “மம்மி கே பைர் மே தர்த் ஹை” என்று சொன்னாளாம். அவ்வளவுதான். உளைச்சலும் குடைச்சலும் எழ முடியாமையும் ‘தர்த்’ என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து போயின.

குறை அவளுடையது அன்று. இந்தியிலும் எரிச்சலுக்கு ஜலன், குத்தலுக்கு சுபன் என்றெல்லாம் சொற்கள் உள்ளன. அவளுக்கு இரு மொழியிலும் அவற்றை யாரும் கற்பிக்கவில்லை. நானும் கற்பிக்கவில்லை. ஆகுபெயரின் வகைகளை அவளுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தேன்; அவள் தாயின் கால்வலிக்கு என்ன பெயர் என்று சொல்லித் தந்ததில்லை. இந்தப் பாடம் எழுதப்பட்டதன் காரணம் அதுவே.

வலியின் பெயர்கள்

தமிழில் வலி என்பது பொதுப்பெயர். நோவு என்பதும் பொதுப்பெயரே. ‘நோ’ என்னும் வேரிலிருந்தே நோதல், நோவு, நோய் ஆகிய சொற்கள் பிறந்தன. ஆயினும், உடம்பு வருந்தும் முறை ஒவ்வொன்றுக்கும் நம் மக்கள் தனித்தனிப் பெயர் வைத்துள்ளனர். அவை நூல்களில் மட்டும் வாழும் சொற்கள் அல்ல. உங்கள் பாட்டியர் நாள்தோறும் வழங்குபவை.

நெடுநேரம் நின்றால் காலில் உண்டாவது கடுப்பு. ஊசியை ஏற்றியது போல ஓரிடத்தில் தைப்பது குத்தல். தீப்பட்டது போலத் தோன்றுவது எரிச்சல். அதனைக் காந்தல் என்றும் சொல்வர். தசை இறுகிக் கொண்டு அசையவிடாமற் செய்வது பிடிப்பு. மூட்டு பிசகினால் சுளுக்கு. சீழ் கோத்த கட்டி நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்து வலித்தால், ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்பர். உணர்வே இல்லாமற் போனால் அது மரத்துப் போதல். இது வலியன்று, ஆயினும் மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

உளைச்சல் இவற்றிலிருந்து வேறானது. அது ஓரிடத்தில் நில்லாது. கைகால் முழுதும் பரவி, ஆழத்தில் மந்தமாக வருத்தும். காலை எங்கே வைத்தாலும் அமைதி இராது. குடைச்சல் அதனினும் உள்ளே செல்வது. துளையிடும் கருவி எலும்பைக் குடைவது போன்ற உணர்வு என்பதால் அப்பெயர் வந்தது. “காலில் வலி” என்று கேட்கும் மருத்துவருக்கு நூறு நோய்கள் நினைவுக்கு வரும். “எலும்புக்குள் குடைகிறது, தரையிலிருந்து எழ முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை” என்று கேட்டால் அந்த நூறு மிகச் சிலவாகச் சுருங்கும்.

அன்று அந்த மாணவியும் நானும் பள்ளி நடைக்கூடத்திலேயே அமர்ந்து ஒரு தாளில் இந்தியில் எழுதினோம். வலி எங்கே உள்ளது, எத்தகையது, எப்போது மிகுகிறது, எச்செயலைச் செய்ய இயலவில்லை, எத்தனை மாதமாக என்னும் ஐந்து செய்திகளே அதில் இருந்தன. குடைச்சல் என்பதற்கு நேரான இந்திச் சொல் எனக்கும் கிடைக்கவில்லை. ‘எலும்பின் உள்ளே யாரோ துளையிடுவது போல’ என்று விரித்து எழுதினோம். ஒரு சொல்லுக்கு மறுமொழியில் ஈடான சொல் இல்லையெனில் அதனை விரித்துரைப்பதே நல்ல மொழிபெயர்ப்பு.

அடுத்த முறை மருத்துவர் அத்தாளைப் படித்தார். அம்மையாரின் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்தினார். அவர் துடித்துப் போனார். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், இயலவில்லை. உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். வைட்டமின் டி, ஒரு மில்லிலிட்டர் குருதிக்கு 6 நானோகிராம் அளவே இருந்தது. 20 நானோகிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்பது மருத்துவர் பலர் கொள்ளும் வரையறை. அம்மையாருக்கு இருந்தது ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மை நோய்.

வெயில் எலும்பாகும் விதம்

வைட்டமின் என்பதனைத் தமிழில் உயிர்ச்சத்து என்கிறோம். ஏனைய உயிர்ச்சத்துகளை நாம் உணவிலிருந்து பெற, இந்த ஒன்றைப் பெரும்பாலும் நம் தோலே ஆக்கிக் கொள்கிறது. வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ‘பி’ வகைக் கதிர்கள் தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை மாற்றி வைட்டமின் டி ஆக்குகின்றன. அது முதலில் கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மேலும் மாற்றம் பெற்றே வேலை செய்யும் நிலையை அடைகிறது. அதன் தலையாய பணி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் குடல் உறிஞ்சச் செய்வது. வைட்டமின் டி போதிய அளவில் இல்லையெனில், உண்ணும் கால்சியத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே உடம்பில் சேரும். இருந்தால் முப்பது முதல் நாற்பது பங்கு சேரும்.

எலும்பு உயிருள்ள பொருள். அது நாள்தோறும் கரைந்து நாள்தோறும் புதிதாகிறது. முதலில் மென்மையான புரதச் சட்டம் அமைகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பரசும் படிந்து அதனைக் கெட்டியாக்குகின்றன. கால்சியம் போதாதபோது சட்டம் கெட்டியாகாமல் மென்மையாகவே நின்றுவிடுகிறது. எலும்பின் மேற்பரப்பில் வலியை உணரும் நரம்புகள் மிகுதி. மென்மையான எலும்பு உடற்சுமையைத் தாங்கும்போது அந்நரம்புகள் வருந்துகின்றன. அதுவே குடைச்சல். இடுப்பையும் தொடையையும் சார்ந்த தசைகளும் வலுவிழக்கின்றன. எழ முடியாமை அதனால் வருவது. இந்நிலை வளரும் குழந்தைகளுக்கு வந்தால் கால் எலும்பு வளையும். அதன் பெயர் ரிக்கெட்ஸ்.

ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. பிரான்சிஸ் கிளிசன் என்னும் ஆங்கில மருத்துவர் 1650ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எனினும், காரணம் விளங்கவில்லை. ஜப்பானில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய தியோபால்டு பாம் என்னும் மருத்துவர், தாம் கீழைநாட்டில் காணாத இந்நோயைத் தம் நாட்டில் மிகுதியாகக் கண்டு வியந்தார். புகை சூழ்ந்த இங்கிலாந்து நகரங்களில் இல்லாததும் கீழைநாட்டில் இருப்பதும் வெயிலே என்று 1890இல் எழுதினார். அவர் சொல்லை அக்காலத்தில் பொருட்படுத்தியவர் சிலரே. 1919இல் பெர்லினில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் ரிக்கெட்ஸ் உற்ற குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளிபடச் செய்தபோதும் மற்றொரு கையின் எலும்பும் சேர்ந்தே தேறியது. ஒளி பட்ட தோலில் ஏதோ ஒரு பொருள் உண்டாகிக் குருதி வழியே உடம்பெங்கும் செல்கிறது என்பது அதனால் விளங்கிற்று. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். நன்றாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியால் விடை கண்டது அது. காட் மீன் எண்ணெயிலும் இப்பொருள் இருப்பதை அறிந்து, 1922இல் எல்மர் மெக்காலம் குழுவினர் அதற்கு வைட்டமின் டி என்று பெயரிட்டனர்.

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளாகிய நீங்கள் அறிய வேண்டிய செய்தி இவ்வரலாற்றின் பிற்பகுதியில் உள்ளது. மேலைநாட்டில் ரிக்கெட்ஸ் பெரிதும் மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட காலத்தில், 1962ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள், அங்குக் குடியேறிய பாகிஸ்தானியரிடையே ரிக்கெட்ஸும் எலும்பு மென்மையும் இருப்பதை எழுதினர். ஊர் மாறியது, தோல் மாறவில்லை. கருமை தரும் மெலனின் என்னும் நிறமி, கடும் வெயில் நாட்டில் தோலைக் காக்கும் குடை. வெயில் மெலிந்த நாட்டிலும் அக்குடை விரிந்தே இருக்கும். எனவே, கருந்தோல் உடையவர் அதே அளவு வைட்டமின் டி பெற வெயிலில் கூடுதல் நேரம் நிற்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் வெயிலுக்கு என்ன குறை என்று எண்ணுவீர்கள். அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. தில்லியில் நோயேதும் இல்லாத மருத்துவர், செவிலியர் ஆகியோரிடமே வைட்டமின் டி குறைந்திருந்தது. வெயிலில் பயிற்சி செய்யும் படைவீரரிடம் அவர்களைவிட நல்ல அளவு இருந்தது. நகரத்துக் காற்றும் ஒரு காரணம். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, தில்லியின் மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும் அக்காலத்தில் மாசு குறைந்திருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. மோரி கேட் குழந்தைகளிடம் வைட்டமின் டி மிகக் குறைவு. காற்றிலுள்ள மாசு புற ஊதாக் கதிர்களை இடைமறித்துக் கொள்கிறது. தெற்கே திருப்பதிப் பகுதியில் செய்த ஆய்வுகளிலும், வயலில் உழைப்பவரைவிட நகரத்தில் வாழ்பவரிடம் இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது.

வெயில் இருந்தால் மட்டும் போதாது. அது போதிய உயரத்திலிருந்து விழ வேண்டும். இதனை அளந்தறிய நம் நிழலே கருவி. நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் பொழுதில் ‘பி’ வகைக் கதிர்கள் நன்கு இறங்குகின்றன. நிழல் நெடிதானால் அவை மெலிந்துவிடும். 150 செ.மீ. உயரமுள்ள மாணவர் ஒருவர் டிசம்பர் 22 அன்று சென்னையில் உச்சிப்பொழுதில் நின்றால் நிழல் ஏறத்தாழ 111 செ.மீ. இருக்கும். அதே நாளில் தில்லியில் நின்றால் 192 செ.மீ. இருக்கும். அதாவது, தில்லிக் குளிர்காலத்தின் நடுவில் நண்பகலிலும் உங்கள் நிழல் உங்களைவிட நெடியது! ஜூன் 21 அன்று அது 14 செ.மீ. ஆகிவிடும், அப்போது வெயிலில் நிற்க யாருக்கும் மனம் வராது. இங்குள்ள மக்கள் தை மாதத்தில் மொட்டைமாடியிலும் பூங்காவிலும் அமர்ந்து நிலக்கடலை உரித்தவாறு வெயில் காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளில், ‘கறுத்துப் போவாய், உள்ளே வா’ என்னும் குரலே கேட்கிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் ‘தூப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. காலை வழிபாட்டுக் கூட்டத்தை 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே நடத்துமாறு அது பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. தூப் என்றால் இந்தியில் வெயில். நறும்புகைக்கும் அதுவே பெயர். தமிழில் தூபம் என்றால் புகை மட்டுமே. எனவே, திட்டத்தின் பெயரைக் கேட்ட தமிழ்ப் பெற்றோர் ஒருவர், “ஸ்கூல்ல எதுக்கு சார் சாம்பிராணி?” என்று என்னைக் கேட்டார்.

மாணவியின் தாயிடம் திரும்புவோம். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வயல் வேலை செய்தவர் அவர். தில்லியில் குறுகிய சந்தில், வெயில் எட்டிப் பாராத தரைத்தள வீட்டில் நான்கு ஆண்டுகள் இருந்தார். கடைக்குச் செல்வதும் காய்கறி வாங்குவதும் மகளும் கணவருமே. ஏனெனில், கடைக்காரரோடு பேச அவருக்கு மொழி தெரியாது. மொழி அறியாமை அவரை வீட்டுக்குள் வைத்தது. வீடு வெயிலை மறைத்தது.

‘ஓடு’ என்றும் ‘ஆல்’ என்றும்

இனி, இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். அம்மையாரின் கதையைக் கேட்ட ஒருவர், ‘நாட்பட்ட வலி எல்லாம் வைட்டமின் டி குறைவால் வருவதே’ என்று முடிவு செய்துவிடலாம். செய்யலாமா?

மூன்றாம் வேற்றுமை உருபுகளை நினைவுகூருங்கள். ‘தாயோடு மகள் வந்தாள்’ என்பதில் ஓடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளைத் தருகிறது. இருவரும் ஒருங்கே வந்தனர் என்பதே செய்தி. ஒருவர் வந்ததற்கு மற்றவர் காரணம் என்று அது சொல்லவில்லை. ‘பனியால் பயிர் கருகியது’ என்பதில் ஆல் உருபு காரணத்தை உணர்த்துகிறது. பனி இல்லையெனில் பயிர் கருகியிராது. ஒரே வேற்றுமையைச் சேர்ந்த இரண்டு உருபுகள். இடையே உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. ‘குறைவோடு வலி’ என்பது வேறு, ‘குறைவால் வலி’ என்பது வேறு.

2003இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காரணம் தெரியாத நாட்பட்ட தசை, எலும்பு வலியோடு வந்த 150 பேரைச் சோதித்தனர். அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு வைட்டமின் டி குறைந்திருந்தது. அதே ஆண்டில் சவூதி அரேபியாவில் நாட்பட்ட இடுப்பு வலியுற்ற 360 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 83 பேரிடம் குறைவு. குறைந்தவர்களுக்கு வைட்டமின் கொடுத்தபின் வலி தணிந்தது என்றும் எழுதினர். இவை வியப்பூட்டும் எண்களே. ஆயினும், இவை மெய்ப்பிப்பது எந்த உருபை? ‘ஓடு’ என்பதை மட்டுமே.

ஏன் எனில், வலியில்லாத அண்டை வீட்டாரையும் சோதித்தால் அவர்களிடமும் குறைவு இருக்கலாம். தில்லியின் நலமிக்க மருத்துவரிடமே இருந்ததல்லவா? மேலும், காரணம் தலைகீழாகவும் அமையலாம். வலியுற்றவர் வெளியே நடமாடார். நடமாடாதவருக்கு வெயில் இல்லை. அங்கே ‘வலியால் குறைவு’ வந்ததேயன்றிக் ‘குறைவால் வலி’ வரவில்லை. மூன்றாவதாக, நாட்பட்ட வலி கடல் அலை போன்றது; எழும், தாழும். மிகுந்திருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அதன்பின் அது தானே தாழ்ந்தாலும் மருந்தின் பெருமை என்றே நினைப்போம்.

‘ஆல்’ என்று சொல்ல வேண்டுமாயின் வேறொரு சோதனை தேவை. நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்யான மருந்தும் மற்றதற்கு உருவில் அதே போன்ற வெற்றுக் குளிகையும் தர வேண்டும். எது எவருக்குக் கிடைத்தது என்பது நோயாளருக்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இத்தகைய 10 ஆய்வுகளில் பங்குபெற்ற 811 பேரின் முடிவுகளை 2015இல் ஆராய்ந்தது. பலவகை நாட்பட்ட வலிகளுக்கும் வைட்டமின் டி பெரும்பயன் தரும் என்று கூற இடமில்லை என்பதே அதன் முடிவு. உடல் முழுதும் வலிக்கும் பைப்ரோமயால்ஜியா என்னும் நோயுள்ள 30 பெண்களிடம் ஆஸ்திரியாவில் செய்த சிறிய சோதனையில் ஓரளவு பயன் தெரிந்தது. சிறிய சோதனையைக் கொண்டு பெரிய முடிவு கூறுதல் ஆகாது.

ஆகவே, எலும்பு மென்மை நோயில் ‘குறைவால் வலி’ என்று உறுதியாக எழுதலாம். மருந்து தந்தால் அந்த வலி நீங்கும். ஏனைய நாட்பட்ட வலிகளில் ‘குறைவோடு வலி’ என்ற அளவில் பேனாவை நிறுத்த வேண்டும்.

இதற்கு என் முதுகே சான்று. கரும்பலகையின் முன் இருபது ஆண்டுகள் நின்றதன் பயனாக எனக்கு இடுப்பில் நீங்காத பிடிப்பு உண்டு. அம்மையார் தேறியதைக் கண்டு ஆசை கொண்டு நானும் குருதியைச் சோதித்தேன். 14 நானோகிராம்! மகிழ்ந்தே போனேன். மருத்துவர் சொன்னவாறு மருந்து உண்டேன். மூன்று மாதங்களில் அளவு 30ஐத் தாண்டியது. பிடிப்போ இருந்த இடத்திலேயே இருந்தது. குறையை நிரப்பியது எலும்புக்கு நன்மையே. பிடிப்புக்குக் காரணம் வேறு. இப்போது மருத்துவர் கற்பித்த உடற்பயிற்சிகளை நாள்தோறும் செய்கிறேன். அவை சற்றே துணை செய்கின்றன.

அம்மையாருக்கு மருத்துவர் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 60,000 அலகு வைட்டமின் டி மருந்தையும் கால்சிய மாத்திரையையும் எழுதித் தந்தார். இங்கும் மொழிபெயர்ப்பாளரின் கடமை பெரிது. ‘ஹஃப்தே மே ஏக் பார்’ என்பதனை ‘நாளுக்கு ஒருமுறை’ என்று பெயர்த்துவிட்டால் மருந்தே நஞ்சாகும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிகையானது எளிதில் வெளியேறாமல் உடம்பில் தங்கும். குருதியில் கால்சியம் ஏறும்; அடங்காத தாகமும் வாந்தியும் உண்டாகும்; சிறுநீரகம் பழுதாகும். வெயிலில் நிற்பதால் இந்நிலை வருவதில்லை. தோலில் மிகையாக உண்டாவதை வெயிலே பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். அந்த மாணவி நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டு வைத்தாள். ஞாயிறு தரும் சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பொருத்தமே என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

நான்காம் மாதம் அடுத்த பெற்றோர் சந்திப்பு வந்தது. மாணவி வகுப்பறை வாயிலில் நின்று, “அம்மா வந்துக்கிட்டிருக்காங்க சார்” என்றாள். கைப்பிடிச் சுவரைப் பற்றியவாறு, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி, மெல்ல மெல்ல இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். “குடைச்சல் போயிருச்சு சார். உளைச்சல் மட்டும் கொஞ்சம் இருக்கு” என்றார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சொல்லும் பொருளும்

ஞாயிறு – கதிரவன்
குருதி – இரத்தம்
உடனிகழ்ச்சி – ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிகழ்தல்
வெயில் காய்தல் – குளிர் நீங்க வெயிலில் இருத்தல்
நாட்பட்ட – நெடுநாளாக நீடிக்கும்
விரித்துரைத்தல் – ஒரு சொல்லின் பொருளைப் பல சொற்களால் விளக்குதல்

மதிப்பீடு

1. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோது மற்றொரு கையின் எலும்பும் தேறியது. இதிலிருந்து அறியப்பட்டது யாது?

2. தூணைப் பற்றி நின்ற தாயின் நோய்க்கு, அவர் இந்தி அறியாமையும் ஒரு காரணம் என்று கூறலாமா? கூறலாம் எனில் ‘ஆல்’ உருபை எங்கே அமைப்பீர்கள்? ஒரு தொடர் எழுதுக.

3. பொருத்தமான உருபை இட்டு எழுதுக. இரண்டும் பொருந்தும் எனின் பொருள் வேறுபாட்டை விளக்குக.
அ) மழை____ காற்றும் வந்தது.
ஆ) மழை____ சுவர் இடிந்தது.
இ) மூடுபனி____ வண்டிகள் மோதின.
ஈ) தலைவலி____ பள்ளிக்கு வந்தான்.

4. ‘என் அத்தை இரண்டு மாதம் வைட்டமின் மாத்திரை உண்டார், முழங்கால் வலி நின்றது, ஆகவே மாத்திரையால்தான் வலி நின்றது.’ இக்கூற்றில் உள்ள குறையை ஐந்து வரிகளில் எழுதுக. அத்தையின் மனம் புண்படாதவாறு எழுதுக.

கற்பவை கற்றபின்

அ) பள்ளித் திடலில் நண்பகல் 12 மணிக்கு உங்கள் நிழலை அளந்து எழுதுக. திங்கள்தோறும் ஒருமுறை, ஆண்டு முழுவதும் அளக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் அங்கும் அளந்து வருக.

ஆ) வீட்டிலுள்ள மூத்தோரிடம் அவர்கள் உணரும் வலிக்கு அவர்களே இடும் பெயரைக் கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதுக. எங்கே, எத்தகையது, எப்போது, எதைச் செய்ய இயலவில்லை, எவ்வளவு காலமாக என்னும் ஐந்து வினாக்களுக்கும் தமிழில் விடை எழுதி, எதிர்ப்பக்கத்தில் இந்தியில் பெயர்த்தெழுதுக. ஈடான சொல் கிடைக்காத இடத்தில் விரித்துரைக்க. எழுதிய தாளை என்னிடம் காட்டியபின் வீட்டிற்கே எடுத்துச் செல்க.